நான் நீக்கிய இரண்டு வரிகள்

என் அன்பு மகனே,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான் சரியில்லை, அதுவும் எனக்கு மட்டும். போன வியாழக்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து போன் செய்து, "அப்பா, மயிலாடுதுறைல ஒரு காலேஜ்ல பயிற்சி வைக்கிறாங்க. அறுபது பேர் புதுசா கலைக்களஞ்சியத்துல எழுதக் கத்துக்க வர்றாங்க. சொல்லிக் குடுக்க உங்க பேரைக் குடுத்துட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்து இதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க, ஒரு தடவை தண்ணீர் குடிக்க, மூன்றாவது தடவை எதற்கென்று எனக்கே தெரியவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "பரவால்லப்பா, விடுங்க" என்று முடித்துவிடுவாய். அந்தப் பரவாயில்லை எனக்கு வேண்டாம். முழுவதையும் படித்துவிட்டு, அந்த அறுபது பேருக்கு முன்னால் நிற்க உன் அப்பனுக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீ சொல்ல வேண்டும்.

என்னை இதில் இழுத்துவிட்டவன் நீதான். நீடாமங்கலத்தில் முப்பத்தெட்டு வருடம் பத்திரம் எழுதிவிட்டு, கண் மங்கிப்போய்க் கடையைக் கட்டியபோது நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். பால்காரரோடு சண்டை, கேபிள்காரரோடு சண்டை, சாம்பாரில் உப்பு என்று உன் அம்மாவோடு சண்டை. விடுமுறைக்கு வந்த நீ இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு உன் பழைய மடிக்கணினியை என் முன்னால் திறந்து வைத்தாய். "இது எல்லாரும் சேர்ந்து எழுதுற கலைக்களஞ்சியம்ப்பா. யார் வேணும்னாலும் எழுதலாம், யார் வேணும்னாலும் திருத்தலாம்" என்றாய். "யார் வேணும்னாலும் எழுதினா வில்லங்கம்தானேடா வரும்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மறுநாளே நீடாமங்கலத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். சோழ நாட்டின் நெற்களஞ்சியம், தெய்வ மணம் கமழும் திருவூர் என்றெல்லாம் அலங்காரமாக எழுதி, பக்கத்தை வெளியிட்டுவிட்டுக் காப்பி குடித்து வருவதற்குள் யாரோ மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு இறங்கவில்லை. என் எழுத்தில் ஒரு எழுத்தைக் கூட எந்த அதிகாரியும் அடித்ததில்லை, முகம் தெரியாத யாரோ அடிப்பதா என்று குதித்தேன். நீதான் என் பயனர் பக்கத்தைத் திறந்து காட்டினாய். எடுத்தவர் அங்கே எனக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். வரவேற்று, ஏன் எடுத்தேன் என்று பொறுமையாகச் சொல்லி, எதை எப்படி மாற்றினால் நிற்கும் என்று ஒரு உதாரணமும் கொடுத்து, திரும்ப எழுதுங்கள் அய்யா, நான் உதவுகிறேன் என்று முடித்திருந்தார். அந்த நாலு வரிக் குறிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அன்றோடு அந்தக் கணினியை மூடியிருப்பேன். இதை மறந்துவிடாதே, பின்னால் வேண்டியிருக்கும்.

அப்புறம் எனக்குப் பைத்தியமே பிடித்தது. நம் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று நீ யோசனை சொன்னதும் தை மாதமே ஆரம்பித்துவிட்டேன். ஐந்து பேர் வந்தார்கள். ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிச் செயலாளர், உரக்கடைக்காரர், நூலகர், மன்னார்குடியில் படிக்கும் ஒரு பெண், அப்புறம் தமிழரசி. முதல் நாள் யாருமே 'தொகு' என்ற பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடுமோ என்று பயம். உரக்கடைக்காரர் தன் மாமனாருக்கு ஒரு கட்டுரை ஆரம்பித்து, பெயருக்குப் பின்னால் மூன்று இடத்தில் 'அவர்கள்' போட்டார். செயலாளர் நாளிதழிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே அள்ளி ஒட்டினார். எல்லோருக்கும் நான் ஒரே பாடத்தைத்தான் சொன்னேன். "ஒரு நிலத்தை விக்கணும்னா மூலப்பத்திரம் கேக்குறோமா இல்லையா? நாலு பக்கமும் என்ன எல்லைன்னு சக்குபந்தி எழுதுறோமா இல்லையா? அதே மாதிரி இங்க ஒவ்வொரு வரிக்கும் மூலம் காட்டணும். காட்ட முடியலைன்னா அது உங்க நிலமில்லை." இதைச் சொன்னதும் மேற்கோள் என்றால் என்ன என்று அந்த நிமிஷமே எல்லோருக்கும் புரிந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை. உனக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன், ஞாபகம் இருக்கும்.

தமிழரசியை உனக்குத் தெரியும், முகம் ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வடக்குத் தெருவில் இருக்கும் மாரிமுத்துவின் மகள். மாரிமுத்து நம் வீட்டில் பண்ணையாளாக இருந்தவர், போன வருஷம் இறந்துபோனார். தமிழரசி அரசு மருத்துவமனையில் நர்ஸ், நாற்பத்தைந்து வயதிருக்கும். வடக்குத் தெருவிலிருந்து நூலகத்துக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். இரவு வேலை முடிந்து நேரே பஸ்ஸில் வந்து இறங்கி, கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவள் ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டித் தட்டிப் பழகினாள். நாலாவது வாரம், "சார், நம்ம ஊர்க் கட்டுரையிலேயே ஒரு ரெண்டு வரி சேக்கலாமா?" என்று கேட்டாள். தாராளமா என்றேன்.

கலைக்களஞ்சியத்தில் நம் கிராமத்துக்கான கட்டுரை நான் எழுதியது. அதில் ஒரு வரி, ஊருக்கு வடக்கே ஓடும் கிளை வாய்க்காலை வெட்டியவர் உன் தாத்தா என்று சொல்லும். மேற்கோளாக நம் கோயில் கும்பாபிஷேக மலரைக் காட்டியிருந்தேன். தமிழரசி அதற்குக் கீழே எழுதினாள்: "இந்த வாய்க்காலை வெட்டியவர்கள் வடக்குத் தெரு மக்கள். ஒரு கோடை முழுவதும் வெட்டினார்கள்." இவ்வளவுதான். இதைத் தட்ட அவளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியிட்டதும் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. நூலகர் கொண்டுவந்த கருவியால் அவளுடைய திரையைத்தான் அன்று சுவரில் காட்டிக்கொண்டிருந்தோம். அவள் எல்லோரையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"என்னம்மா இது? சான்று எங்க?" என்றேன்.

"எங்கப்பா சொன்னது சார். அவங்களும் சேந்துதான் வெட்டினாங்க."

"அப்பா சொன்னதெல்லாம் சான்று ஆகாதும்மா. அச்சுல வந்திருக்கணும்."

"அப்ப மேல இருக்கிற வரிக்கு?"

"அதுக்கு மலர் இருக்குல்ல. நம்பர் போட்டிருக்கு பாரு."

"அந்த மலர்ல அதை எழுதினது யாரு சார்?"

"விழாக் குழு" என்றேன்.

அவள் சுவரில் தெரிந்த அந்த நம்பரைப் பார்த்தாள். "எங்கப்பா கால்ல மண்வெட்டி பட்ட தழும்பு இருந்துச்சு சார். சாகுற வரைக்கும் இருந்துச்சு" என்றாள்.

"தழும்பையெல்லாம் மேற்கோள் காட்ட முடியாதும்மா" என்றேன் நான். உரக்கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருந்தால் எனக்கு இத்தனை கஷ்டம் இருக்காது. அவள் கையிலிருந்து மவுசை வாங்கி, எல்லோரும் பார்க்க அந்த இரண்டு வரியையும் நீக்கினேன். காரணம் எழுதும் இடத்தில் 'சான்றில்லை' என்று போட்டேன். பாதியில் எழுந்து போகக்கூட இல்லை அவள். வகுப்பு முடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்து, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் வரவே இல்லை.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அந்த மலரில் ஊர் வரலாறு என்ற கட்டுரையை எழுதியது நான். பெயர் போடவில்லை, எல்லாமே விழாக் குழுவின் பெயரில்தான் வந்தது. நம் வீட்டில் எல்லோரும் 'அப்பா வெட்டின வாய்க்கால்' என்றுதான் சொல்வோம், நீயும் 'தாத்தா வெட்டினது' என்று சொல்லித்தான் வளர்ந்தாய். அதையே எழுதினேன், எழுதும்போது பொய் என்று தோன்றவே இல்லை. பத்து வருஷம் கழித்து அதையே சான்றாகக் காட்டினேன். மூலப்பத்திரத்தை நானே எழுதி, அதை நானே காட்டி, நிலத்தை நானே வாங்கிக்கொண்ட கதை இது. அப்படி ஒரு பத்திரத்தை என்னிடம் யாராவது கொண்டு வந்திருந்தால் விரட்டி அடித்திருப்பேன்.

அதோடு முடிந்திருந்தால் கூடச் சரி, தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வாய்க்கால் வெட்டியபோது எனக்குப் பத்து வயது. சித்திரை மாதம், பள்ளி விடுமுறை. நான் வரப்பில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன். உன் தாத்தா பூவரச மரத்தடியில் குடை பிடித்து நின்றார். மாரிமுத்துவின் மண்வெட்டி தவறி அவர் காலிலேயே இறங்கியதை நான் பார்த்தேனடா. மண் கறுத்துப்போகிற அளவுக்கு ரத்தம். அப்பா நின்ற இடத்திலிருந்து, "கட்டிக்கிட்டு வேலையைப் பாருங்கடா, மேட்டூர் தொறக்கறதுக்குள்ள முடிக்கணும்" என்றார். யாரோ துண்டைக் கிழித்துக் கட்டினார்கள். மாரிமுத்து திரும்பவும் மண்வெட்டியை எடுத்தார். அவருக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. ஆக, அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அன்று அந்த நூலக அறையில் இருந்தவர்களில் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டே அதை வைத்துத் தமாஷ் செய்தேன்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பொல்லாத வசதி இருக்கிறது. 'வரலாறு' என்பதை அழுத்தினால் யார் எந்த நிமிஷம் எதை எழுதினார்கள், யார் எதை நீக்கினார்கள் என்று எல்லாம் அப்படியே கிடக்கும். நீக்கியதை மறைக்க முடியாது. காலையில் பல் தேய்க்கும் முன்னால் அதைத் திறந்து பார்ப்பேன். தமிழரசியின் பெயர், அவளுடைய இரண்டு வரி, அடுத்த வரியில் என் பெயர், சான்றில்லை. மூடிவிட்டு வயலுக்குப் போனால் அந்த வாய்க்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து குறுவை நடவும் ஆயிற்று. நடவு நடக்கும்போது வரப்பில் நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவளிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவள், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் என்ன ரிஜிஸ்தாரா, பதிஞ்சு வச்சுக்கிறதுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே முதல் வேலையாக என் வரியை நீக்கினேன். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், மலரில் அந்தப் பகுதியை எழுதியது நானே, அதற்கு என்னிடம் வேறு ஆதாரம் எதுவும் கிடையாது, அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரோ போனில் அதை உன் பெரியப்பாவிடம் காட்டிவிட்டார்கள். வாசலில் நின்றே கத்தினார். "செத்துப்போன மனுஷனை இழுத்து வச்சு அசிங்கப்படுத்திட்டியேடா! உன்னைத் தோள்ல தூக்கிச் சுமந்தவருடா அவரு!" என்றார். சுமந்தவர்தான். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது திருக்காட்டுப்பள்ளி வைத்தியர் வரைக்கும் அலைந்தவர். எனக்கு அவர் மேல் இன்றைக்கும் பிரியம் குறையவில்லை. அந்தப் பிரியமும் இருக்கிறது, பூவரச மரத்தடியில் அவர் சொன்னதும் காதில் இருக்கிறது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் எழுந்து எழுந்து நடக்கிறேன். பெரியப்பா இன்னும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. உனக்கும் போன் செய்வார். என் பக்கம் பேசி அவரோடு சண்டை போடாதே, கேட்டுக்கொள்.

மயிலாடுதுறைக்கு நான் போவதா வேண்டாமா என்பது உன் முடிவு. போனால், முதலில் நம் ஊர்க் கட்டுரையின் வரலாற்றைத்தான் சுவரில் போட்டுக் காட்டுவேன். நீயும் அங்கே சிங்கப்பூரில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய், அதனால் சொல்கிறேன். விதி சொல்லிக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் முதல் முதலில் என்ன எழுதுகிறார் என்று பார். சும்மா எழுத யாரும் வேலை விட்டு, தூக்கம் விட்டு வருவதில்லை. அவர் எழுதியது விதிப்படி நிற்காமல் போகலாம், நீக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அதை நீக்குகிற கை யாருடைய கை, அந்த விஷயத்தில் அந்தக் கைக்கு என்ன சம்பந்தம் என்று ஒரு நிமிஷம் யோசி. அவர் கையிலிருக்கும் மவுசை ஒருநாளும் பிடுங்காதே. எனக்கு நாலு வரிக் குறிப்பு எழுதி வைத்தவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் செய்ததை நான் தமிழரசிக்குச் செய்யவில்லை.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். வடக்குத் தெருவுக்கு நான் போகாதவன் இல்லை, ஆள் கூப்பிடப் போயிருக்கிறேன், சாவுக்குப் போயிருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது அறுபத்தொன்பது வயதில் நேற்றுத்தான். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்ததை விட்டுவிட்டு, "அந்த மலரை எழுதினது நான்தாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றாள். "அன்னிக்கே தெரியும். நீங்க விழாக் குழுன்னு சொன்னப்ப உங்க முகத்தைப் பாத்தேன்."

தெரிந்துதான் சிரித்திருக்கிறாள். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். நூலக வாசகர் வட்டம் ஆண்டு மலர் போடுகிறார்கள், வாய்க்கால் வெட்டிய கதையை அதில் நான் எழுதித் தருகிறேன், அச்சில் வந்துவிட்டால் அப்புறம் யாராவது அதைக் கட்டுரைக்குச் சான்றாகக் காட்டலாம் என்றேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு எனக்கு.

"நீங்க எழுத வேணாம் சார்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நீங்க எழுதினது போதும். நான் எழுதுறேன். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். அதில் ஏற்கெனவே ஏழெட்டுப் பக்கம் எழுதியிருந்தது. மருத்துவமனைக்கு வருகிற வடக்குத் தெருப் பெரியவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். இந்த ஐந்து மாதமும் அவள் என் வகுப்பைத்தான் விட்டிருக்கிறாள், எழுதுவதை விடவில்லை. எந்த மாதம், எத்தனை பேர், யார் யார் என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இருந்த பெயர்களைச் சொன்னேன். மூன்று பெயர் அவளிடம் இல்லாத பெயர், எழுதிக்கொண்டாள். மாரிமுத்துவின் காலைப் பற்றியும் சொன்னேன், என் அப்பா சொன்னதையும் மாற்றாமல் சொன்னேன். அந்த இடத்தில் அவள் பேனா நின்றது. தலை நிமிராமலே அடுத்ததைக் கேட்டாள்.

"உங்க வீட்லேர்ந்து யாரு சார் மண்வெட்டி புடிச்சாங்க?"

"யாருமில்லம்மா" என்றேன்.

அதையும் எழுதினாள். எழுதி முடித்து, "இதைக் கண்ணால பாத்தவங்கன்னு ஒருத்தர் பேர் போடணும் சார். பேர் இல்லாம போட்டா நீங்களே ஒத்துக்க மாட்டீங்க" என்றாள்.

என் பெயரை, இன்னாருடைய மகன் என்று அப்பாவின் பெயரையும் சேர்த்து, எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

அப்பா